குழலைக் கவ்விய வளையம்

துப்பாக்கி என்றவுடன் நம்மவர் மனக்கண்முன் நிற்பன அதன் வாயும், வாயினின்று புறப்படும் தீயும், தீக்கு அஞ்சிச் சிதறும் மக்கட் கூட்டமுமேயாம். அதன் கழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பார் அரியர். ஆயினும் சென்ற நூறாண்டுக் காலத்துப் போர்களின் போக்கைப் பெரிதும் மாற்றிய நுட்பமொன்று அந்தக் கழுத்திலேதான் அமைந்து கிடக்கிறது. ஒரு சிறு இரும்புக் கட்டை. குழலின்மேல் அமர்ந்து, குழலைச் சுற்றிக் கவ்விக்கொண்டிருக்கும் ஒரு வளையம். ஆங்கிலத்தில் இதனைக் காஸ் பிளாக் என்பர். நாம் வாயுக்கட்டை என்போம். இதனைக் குழலோடு அசையாது பிணிப்பது எவ்வாறு என்னும் கேள்விக்கு விடை கண்டவர் யாவர்? அவ்விடை அறியாது பிறர் கையை நோக்கி நின்றவர் யாவர்? இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆயுதத்தின்மேற் கொண்ட மோகத்தால் எழுந்த ஆராய்ச்சி என்று எவரும் கருதற்க. அறிவு எவர் கையில் இருந்தது, எவர் கைக்கு எட்டாமல் வைக்கப்பட்டது என்னும் கதையே இது.

கெடாவில் வாழும் நமக்கு இக்கதை அயல்வீட்டுக் கதையும் ஆகாது. அலோர் ஸ்டாரிலிருந்து சயாம் எல்லை நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில் ஜித்ரா என்னும் சிற்றூர் உள்ளது. 1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் தொடங்கி 13ஆம் நாள் முடிய, அங்கே ஜப்பானியரின் 5ஆம் டிவிஷனைச் சேர்ந்த முன்னணிப் படைக்கும், ஆங்கிலேயரின் 11ஆம் இந்திய டிவிஷனுக்கும் பெரும்போர் நடந்தது. சதுப்பு நிலத்தில், ஓயாத மழையில், பஞ்சாபியரும் ஜாட்டுகளும் கூர்க்கரும் ஆங்கிலேயரும் பதுங்குகுழிகளில் நின்றனர். அன்று அவர்கள் தோளில் இருந்த ரைபிள்கள் ஒருவகை. இயந்திரத் துப்பாக்கிகள் மற்றொரு வகை. அவ்விரு வகைக்கும் உள்ள வேற்றுமையே நம் பொருளுக்கு வாயில்.

வாயுவின் வேலை

லீ என்ஃபீல்டு என்னும் ரைபிளில் ஒவ்வொரு முறை சுட்டபின்னும் வீரன் தன் கையாலேயே தாழைத் திருப்பி இழுத்து, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, புதுத் தோட்டாவை உள்ளே செலுத்தவேண்டும். பிரென் என்னும் இலகு இயந்திரத் துப்பாக்கியிலோ அந்த வேலையை வெடிமருந்தின் வாயுவே செய்துவிடும். குண்டு குழலினுள்ளே ஓடுகையில், குழலின் பக்கத்தில் உள்ள ஒரு சிறு துவாரத்தைக் கடக்கிறது. கடந்த அக்கணமே, அதனைப் பின்னிருந்து தள்ளிவந்த வாயுவில் ஒரு சிறு பங்கு அத்துவாரத்தின் வழியே வாயுக்கட்டைக்குள் பாய்ந்து, ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிஸ்டன் தாழைத் திறக்கிறது; தாழ் வெற்றுத் தோட்டாவை எறிகிறது; சுருள்வில் அதனைத் திரும்ப முன்னுக்குத் தள்ள, புதுத் தோட்டா உட்புகுகிறது. பிரென் துப்பாக்கியில் இவ்வளவும் ஒரு நிமிடத்திற்கு 500 முறை என்னும் வேகத்தில் நிகழும்.

தோட்டத்தில் வாழ்வோர்க்கு இதனை விளக்குவது எளிது. பால்வெட்டுகிறவர் மரப்பட்டையில் சாய்வாகக் கோடு வெட்டுகிறார். கோட்டின் வழியே பால் வழிந்து, கோடு முடியுமிடத்தில் குத்தியுள்ள தகரப் பீலியில் இறங்கி, மங்கில் விழுகிறது. பீலி ஒரு விரற்கடை விலகினால் என்ன ஆகும்? பால் பட்டையின்மேல் ஒழுகிப் பாழாகும். மங்கு வெறுமையாய் நிற்கும். வெட்டிய கை எவ்வளவு தேர்ந்த கையாயினும் பயனில்லை. துப்பாக்கியிலும் நிலை அதுவே. குழலில் உள்ள துவாரமும் கட்டையில் உள்ள துவாரமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கவேண்டும். கட்டை சற்றே திரும்பினாலும், சற்றே முன்னுக்கு நழுவினாலும், வாயுவின் வழி அடைபடும். அடைபட்டால் விலையுயர்ந்த இயந்திரத் துப்பாக்கி, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்கவேண்டிய பழைய துப்பாக்கியாகிவிடும்.

மரத்தில் ஒழுகுவது பால், அமைதியானது. குழலில் பாய்வதோ தீ. தோட்டா வெடிக்குமிடத்தில், அக்காலத்து .303 தோட்டாவில், சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 18 டன் அழுத்தம் உண்டாகும். துவாரத்தை அடைவதற்குள் அது வெகுவாகக் குறைந்துவிடுமாயினும், எஞ்சியிருப்பதும் சிறிதன்று. தொடர்ந்து சுட்டால் குழல் கை பொறுக்காத சூடேறி விரிகிறது; ஒவ்வொரு வெடிக்கும் நரம்புபோல் அதிர்கிறது. இச்சூட்டையும் அதிர்ச்சியையும் அழுத்தத்தையும் ஒருங்கே தாங்கி, மயிரிழையும் நகராமல் அக்கட்டை நிற்கவேண்டும்.

கம்மியர் கண்ட வழிகள்

வாயுவைக் கொண்டு துப்பாக்கியை இயக்கலாம் என்னும் எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தவருள் முதன்மையானவர் அமெரிக்கராகிய ஜான் பிரவுனிங். 1889ஆம் ஆண்டில், துப்பாக்கி வாயினின்று வெளிப்பட்ட காற்று அருகிருந்த புல்லை அலைத்ததைக் கண்டு, வீணாகும் இவ்வாற்றலை ஏன் வேலை வாங்கக்கூடாது என்று அவர் சிந்தித்தார் என்பர். அவ்வெண்ணத்தின் பயனாகப் பிறந்த இயந்திரத் துப்பாக்கி 1895ஆம் ஆண்டின் பெயரால் வழங்குகிறது. பிரான்சின் ஹாட்ச்கிஸ் துப்பாக்கியும் அதனையடுத்து வாயுவினாலேயே இயங்கியது.

எண்ணம் பிறந்தது ஒரு நாளில். கட்டையைக் குழலோடு பிணிக்கும் வழி தேறப் பல பத்தாண்டுகள் ஆயின. கட்டைக்கும் குழலுக்கும் புரி வெட்டித் திருகுவது ஒரு வழி. புரி இறுகி நிற்குமிடமும் துவாரம் நிற்குமிடமும் ஒன்றாக வாய்க்கவேண்டும் என்பது இதன் தொல்லை. பற்றுவைத்து ஒட்டுவது மற்றொரு வழி. மென்மையான பற்றாயின் சூட்டில் இளகும்; கடுமையான பற்றாயின் அதனை உருக்கும் தீயே குழலின் உரத்தைக் கெடுக்கும். சிறு திருகாணிகளால் இறுக்குவது மூன்றாவது. எளிதுதான், ஆனால் அதிர்ச்சி திருகாணிக்குப் பகை. கட்டையைக் குழலின்மேல் இறுக்கமாக அழுத்திப் பொருத்தி, இரண்டையும் தொட்டுச் செல்லுமாறு குறுக்கே ஊசி அடிப்பது நான்காவது. 1947ஆம் ஆண்டின் பெயர் தாங்கிய ருஷ்யக் கலாஷ்னிகாவ் துப்பாக்கி உலகெங்கும் பரவியது இந்நான்காம் வழியைக் கைக்கொண்டேயாகும். பிணைப்பு நிலையானது, சேற்றுக்கும் சூட்டுக்கும் அசையாதது.

பெரிய நாடுகளும் இதில் தவறிக் கற்றவையே. அமெரிக்கா 1936இல் ஏற்றுக்கொண்ட காரண்டு ரைபிளில், முதலில் குழலில் துவாரமே இல்லை. குழலின் முனையில் மாட்டிய ஒரு தனிப் பெட்டி, வெளிவரும் வாயுவைப் பிடித்தது. அம்முனைப் பெட்டி அழுக்கேறுவதும் தளர்வதுமாயிருந்தமையால், 1940க்குள் அம்முறையைக் கைவிட்டு, குழலிலேயே துவாரமிட்டு வாயுவை எடுக்கும் முறைக்கு மாறினர். பிரென் துப்பாக்கியின் கதையும் இத்தகையதே. அது செக்கோஸ்லோவாகியாவின் புர்னோ நகரத்தில் பிறந்து, இங்கிலாந்தின் என்ஃபீல்டில் வளர்ந்தது. இரண்டு ஊர்ப்பெயர்களின் முதலெழுத்துக்களும் சேர்ந்தே பிரென் ஆயிற்று. ஆங்கிலேயரின் கார்டைட் மருந்து மிகுதியாகக் கரி படியச் செய்ததனால், வாயுத் துவாரத்தைக் குழல் முனையிலிருந்து வெகுவாகப் பின்னுக்குக் கொண்டுவந்தனர். கரியால் வாயு குறைந்தால் பெரிய துவாரத்திற்கு மாற்றிக்கொள்ள, நான்கு அளவுத் துவாரங்கள் உள்ள ஒரு ரெகுலேட்டரையும் அமைத்தனர். 1937இல் என்ஃபீல்டில் அதன் உற்பத்தி தொடங்கிற்று.

மெக்சிக்கோவின் படிப்பினை இவற்றினும் பெரிது. மாண்ட்ரகான் என்னும் மெக்சிக்கப் படைத்தலைவர் வாயுவால் இயங்கும் ரைபிள் ஒன்றை ஆக்கினார். 1908இல் அவர் நாட்டுப் படை அதனை ஏற்றது. ஆனால் அதனைச் செய்யவல்ல பட்டறை அந்நாட்டில் இல்லை. ஸ்விட்சர்லாந்தில் செய்யக் கொடுத்தனர். 1910இல் உள்நாட்டுப் புரட்சி மூண்டது. கேட்ட துப்பாக்கிகளுள் பெரும்பகுதி வந்து சேரவேயில்லை. அறிவு தன்னுடையதாயிருந்தும், அதனை இரும்பில் வடிக்கும் கை தன்னுடையதாய் இல்லையெனின் நேர்வது இதுவே.

நம் கொல்லர் அறிந்தது

இவ்வித்தை மேனாட்டாருக்கே உரியது, நம்மவர்க்கு எட்டாதது என்று நினைப்போர் உளர். அவர்களை நம் கெடாவின் மெர்போக் ஆற்றங்கரைக்கு அழைக்கிறேன். பூஜாங் பள்ளத்தாக்கை அடுத்த சுங்கை பத்துவில், பழங்காலத்து இரும்புலைகளைத் தொல்பொருள் ஆராய்ச்சியாளர் தோண்டி எடுத்துள்ளனர். உலைக்குள் காற்றைச் செலுத்திய களிமண் ஊதுகுழல்கள் அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தன. உலைச் சுவரில் அக்குழலைக் காற்றுக் கசியாமல் பொருத்தத் தெரியாதவன் இரும்பை உருக்கியிருத்தல் இயலுமா? தமிழர் கடாரம் என்றழைத்த இம்மண்ணில், குழலையும் துவாரத்தையும் பொருத்தும் கலை ஆயிரம் ஆண்டுகட்கு மேற்பட்ட பழமையுடையது.

தமிழகத்தை நோக்குவோம். மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டை போடும் கொல்லர், பட்டையைச் சக்கரத்தின் அளவினும் சற்றுச் சிறிதாகவே செய்வார். எருவாட்டித் தீயிலிட்டுப் பழுக்கக் காய்ச்ச, அது விரியும். விரிந்த நிலையில் சக்கரத்தின்மேல் மாட்டித் தண்ணீர் ஊற்ற, சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். ஆணி கழன்றாலும் பட்டை கழலாது. தஞ்சைக் கீழவாசலில், பீரங்கி மேட்டில் இருக்கும் இராசகோபாலப் பீரங்கியும் இவ்வறிவின் பெருவடிவமே. 1620ஆம் ஆண்டளவில், இரகுநாத நாயக்கர் காலத்தில் செய்யப்பட்டது அது. ஏறத்தாழ 26 அடி நீளமும் 22 டன் எடையுமுள்ள அப்பீரங்கி வார்ப்படமன்று. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, அவற்றின்மேல் வளையங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, காய்ச்சி அடித்து இணைத்தது. குழலை வளையத்தால் கவ்வச் செய்யும் கலையில் இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

அவ்வாறாயின் அவ்வறிவு ஏன் வளரவில்லை? இரண்டு பூட்டுகள் அதனைப் பூட்டின. முதற் பூட்டு நாம் இட்டது. கொல்லன் மகன் கொல்லன், ஏடு தொட்டவன் இரும்பைத் தொடலாகாது, இரும்பைத் தொட்டவன் ஏட்டைத் தொடலாகாது என்று சாதி வகுத்தோம். கையறிவு எழுத்தறிவைச் சந்திக்கவில்லை. பட்டை எவ்வளவு சூட்டில் எவ்வளவு விரியும் என்பது கொல்லரின் கண்ணுக்குத் தெரிந்தது. அது கணக்காக மாறவில்லை. கணக்காக மாறாத அறிவு, தந்தையோடு சுடுகாட்டிற்குப் போயிற்று.

இரண்டாம் பூட்டு ஆள வந்தோர் இட்டது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், இந்தியச் சிப்பாய்க்கு வெள்ளைச் சிப்பாயினும் ஒரு படி தாழ்ந்த துப்பாக்கியையே கொடுப்பது ஆங்கிலேயரின் கொள்கையாயிற்று. மலைப் பீரங்கிப் படைகள் போன்ற சில நீங்கலாகப் பீரங்கி இந்தியர் கையினின்று பறிக்கப்பட்டது. 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாத இந்தியன் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாயிற்று. வங்கத்து இஷாப்பூரில் ரைபிள் தொழிற்சாலை எழுந்தது உண்மையே. 1930களில் விக்கர்ஸ் பெர்த்தியே என்னும் வாயு இயந்திரத் துப்பாக்கியை இந்தியத் தொழிலாளர் அங்கே செய்ததும் உண்மையே. ஆனால் எதைச் செய்வது, எவ்வாறு மாற்றுவது என்னும் முடிவு அவர்களுடையதன்று. கை அவர்களுடையது; வரைபடம் பிறருடையது.

ஜித்ராவும் அதன் பின்னும்

இனி ஜித்ராவுக்குத் திரும்புவோம். அன்று எதிரெதிரே நின்ற இரு படைகளின் இலகு இயந்திரத் துப்பாக்கிகளும் வாயுவால் இயங்கியவை. ஆங்கிலேயர் பக்கம் புர்னோவில் பிறந்த பிரென். ஜப்பானியர் பக்கம் நம்பு கிஜிரோ ஆக்கிய 96ஆம் வகைத் துப்பாக்கி. சீனாவில் கைப்பற்றிய செக் துப்பாக்கிகளின் தாக்கம் அதன் அமைப்பில் உண்டு என்பது துப்பாக்கி வரலாற்றாரின் கருத்து. புர்னோ நகரத்துக் கம்மியரின் மூளை, கெடாவின் சேற்றில் இரு பக்கமும் நின்று பேசிற்று! ஆயினும் ஒரு வேற்றுமை இருந்தது. ஜப்பானியர் பிறர் துப்பாக்கியைக் கண்டு கற்றுத் தம் நாட்டில் தாமே செய்துகொண்டனர். இந்தியச் சிப்பாய், கொடுத்ததை வாங்கிக்கொண்டு நின்றான்.

ஜித்ரா வீழ்ந்தது ஒரு துப்பாக்கியின் குறையால் என்று கூறேன். அன்று ஜப்பானியரிடம் டாங்கிகள் இருந்தன. ஆங்கிலேயரிடம் மலாயா முழுவதிலும் ஒரு டாங்கியும் இல்லை. ஆகாயமும் ஜப்பானியர் வசம் இருந்தது. 11ஆம் நாள் ஆசூன் அருகே, கொட்டும் மழையில், டாங்கிகள் சாலைவழியே புகுந்து பஞ்சாபிப் பட்டாளத்தைச் சிதறடித்தன. அப்பட்டாளத்தைச் சேர்ந்த கேப்டன் மோகன் சிங் சில நாட்களில் சரணடைந்து, அலோர் ஸ்டாரில் ஜப்பானிய மேஜர் புஜிவாராவோடு பேசினார். இந்திய தேசிய இராணுவம் கருக்கொண்டது நம் கெடா மண்ணிலேதான்.

அதன் பின் நிகழ்ந்ததே நம் பொருளுக்கு உயிரானது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின், தோட்டத்துத் தமிழர் ஆயிரக்கணக்கில் அப்படையிற் சேர்ந்தனர். கேப்டன் லட்சுமியின் தலைமையில் எழுந்த ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் இருந்தனர். அவர்களுட் பலர் பள்ளியின் வாயிலையே காணாதவர். படையின் ஆயுதங்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரிடமிருந்து ஜப்பானியர் கைப்பற்றியவை: லீ என்ஃபீல்டும் பிரென்னும். நேற்றுவரை மங்கு துடைத்த கை, பிரென்னைப் பிரித்துக் கோத்தது. குழல் சூடேறினால் வாயுக்கட்டையோடு சேர்த்தே அதனைக் கழற்றி, மாற்றுக் குழலைப் பூட்டக் கற்றது. ரெகுலேட்டர்த் துவாரத்தின் பயனை உணர்ந்தது. கூலிக்காரனுக்கு இயந்திர அறிவு வாராது, பெண்ணுக்கு ஆயுதம் ஆகாது, இன்ன குலத்தார்க்கே போர் உரியது என்று பலகாலம் ஓதிவந்தவை எல்லாம் சில திங்களில் பொய்த்தன. போர்க்குலம் என்று ஆங்கிலேயர் வகுத்த பட்டியலில் தோட்டத்துத் தமிழனுக்கு இடமில்லை. வாயுக்கட்டை அப்பட்டியலைக் கேட்டு இயங்கவில்லை.

அதே ஆண்டுகளில் அதே தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரையும் மறத்தல் ஆகாது. ஒருவன் கையில் துப்பாக்கி. அவன் அண்ணன் கையில் மண்வெட்டி. இரண்டும் பிறர் கொடுத்தவை. தேசிய இராணுவத்தின் ஆயுதத்திற்குத் தேய்ந்த உறுப்பை மாற்றிச் செய்யும் பட்டறை அதனிடம் இல்லை; தோட்டாவுக்கும் உணவுக்கும் ஜப்பானியரையே நம்பிற்று. 1944இல் இம்பால் போர்முனையில் அக்குறை உயிர்களைக் கொள்ளைகொண்டது. பூட்டக் கற்றவர் ஆக்கக் கற்கவில்லை. ஆக்கக் கற்க அவர்களுக்கு எவரும் இடமளிக்கவுமில்லை.

திருச்சியின் பட்டறை

இந்தியா விடுதலை பெற்றும் இக்குறை உடனே நீங்கவில்லை. 1962இல் சீனரை இமயத்தில் எதிர்த்தபோதும் இந்திய வீரன் கையில் இருந்தது கையால் தாழ் இழுக்கும் பழைய லீ என்ஃபீல்டே. அவ்வடியின் பின்னரே வாயுவால் இயங்கும் ரைபிள் இஷாப்பூரில் பெருவாரியாக உருவாயிற்று. 1966இல் நம் திருச்சிராப்பள்ளியில் படைக்கலத் தொழிற்சாலை எழுந்தது. காவிரிக் கரையில் பிறந்த தமிழ்த் தொழிலாளர், குழலுக்குத் துவாரமிட்டு, கட்டையைப் பொருத்தி, இம்மியும் பிசகாமல் அளந்து பார்க்கும் காலம் வந்தது. இந்தியாவிலேயே வகுத்த இன்சாஸ் என்னும் ரைபிளும் பின்னர் அங்கே செய்யப்பட்டது. குறையில்லாத துப்பாக்கியன்று அது. 1999இல் கார்கில் குளிரில் அதன் குற்றங்கள் வெளிப்பட்டன. ஆனால் தன் குற்றத்தைத் தானே கண்டு தானே திருத்த முற்படும் நிலைக்கும், பிறர் குற்றத்தைச் சுமந்து மடியும் நிலைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அத்தொழிற்சாலையில் எவர் கட்டையைப் பொருத்துகிறார்? கொல்லர் மகன் மட்டுமல்லன். பயிற்சி பெற்ற எவரும் பொருத்தலாம். முதற் பூட்டு அங்கே உடைந்தது. கையறிவும் எழுத்தறிவும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. என் மதிப்பில், அங்கே செய்த துப்பாக்கிகளினும் இதுவே பெரிய ஆக்கம்.

முடிவுரை

ஆண்டுதோறும் ஆயுத பூசை நாளில், நம் தோட்டங்களில் பால்வெட்டும் கத்திக்கும் கணக்கேட்டுக்கும் வண்டிக்கும் சந்தனமும் குங்குமமும் இடுகிறோம். கருவியை மதிக்கும் எண்ணம் நல்லதே. ஆனால் சந்தனம் தடவினால் துவாரம் அடைபடுமேயன்றித் திறவாது. கருவிக்குச் செய்யத்தக்க உண்மையான மரியாதை ஒன்றே: அது எவ்வாறு இயங்குகிறது என்று அறிதல், அறிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லுதல்.

துப்பாக்கி ஒழிந்த உலகம் வருமாயின் வரவேற்பேன். இதே கெடாவில், போர் முடிந்தபின் 1946, 1947ஆம் ஆண்டுகளில், பீடோங் வட்டாரத் தோட்டங்களில் தொண்டர் படை எழுந்தது; ஒழுங்கையும் அணிவகுப்பையும் கள்ளுக்கடையை ஒழிப்பதற்குத் திருப்பியது. போரில் கற்றது போருக்கே உரியதன்று என்பதற்கு அதுவே சான்று. கட்டையைக் குழலோடு பிணிக்கும் அறிவும் அவ்வாறானதே. அழுத்தத்தைத் தாங்கும் பிணைப்பு, நீராவிக் குழாய்க்கும் வேண்டும், பால் ஆலையின் இயந்திரத்திற்கும் வேண்டும், நோயாளியின் மூச்சுக்கு உயிர்வாயு கொண்டுசெல்லும் குழாய்க்கும் வேண்டும்.

நம் தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்கல்விக் கூடங்களின் வாயிலில் நிற்கிறார்கள். அவர்களை நோக்கி, உன் குலத்திற்கு இது வாராது என்று சொல்லும் வாய் இன்னும் முழுதும் அடங்கிவிடவில்லை. சில வேளை அவ்வாய் நம் வீட்டிற்குள்ளேயே இருக்கிறது. அதற்கு விடையாக, மங்கு துடைத்த கை பிரென்னைப் பிரித்துக் கோத்த கதையைச் சொல்லுங்கள். கோத்தவர்க்கு ஆக்கும் வழி மறுக்கப்பட்டதையும் மறவாது சொல்லுங்கள். பூட்டக் கற்பதோடு நில்லாமல் ஆக்கக் கற்கவேண்டும் என்பது அப்பிள்ளைகளுக்குத் தானே விளங்கும்.